ரெங்கராஜ் பணக்காரனான கதை

உழைத்துப் பணக்காரர் ஆனவர்களைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். ரெங்கராஜ் அப்படி ஆகவில்லை. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, அபுதாபியின் முசஃபாவில் ஓர் இரும்புப் பட்டறையில் எட்டு வருடம் வெல்டிங் அடித்தும் பணக்காரன் ஆகாதவன், ஒரு நாள் காலை ஆபீசில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது ஆகிவிட்டான். கணக்கு மேனேஜர் கௌரிசங்கர், கம்ப்யூட்டரில் அவனுடைய சம்பளத்தை அழித்துவிட்டு அதைவிடப் பெரிய சம்பளம் ஒன்றைத் தட்டினார். மேஜைமேல் இருந்த டீ ஆறுவதற்குள் காரியம் முடிந்தது.

காரணம் அவன் மனைவி பானுமதி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், லீவில் போய் அவளோடு இருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் தேறாது. அவளை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஃபேமிலி விசாவுக்கு இன்ன சம்பளம் காட்ட வேண்டும் என்று விதி. அவனுடைய சம்பளம் அந்த விதியின் முழங்காலுக்குக்கூட வராது. அதற்கு அந்தக் கம்பெனியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் சம்பளத்தைக் கூட்டிக் காட்டுவார்கள். பேங்கிலும் அந்தப் பெரிய தொகையே விழும். விழுந்த மறுநாள், கூட்டிய பணத்தை எடுத்துக் கவரில் போட்டு கௌரிசங்கரின் கேபினில் கொடுத்துவிட வேண்டும். செய்த உபகாரத்துக்காக மேற்கொண்டு கொஞ்சமும் அந்தக் கவரில் இருக்க வேண்டும். ரசீது கிடையாது. "எல்லாம் ஒரு டிரஸ்ட்தான் ரெங்கராஜ்" என்பார். கருணைக்கும் கமிஷன் உண்டு என்று ரெங்கராஜ் அன்று தெரிந்துகொண்டான்.

அவனுக்காகவும் நான் முழுக்கப் பரிதாபப்பட மாட்டேன். மாதா மாதம் பேங்கிலிருந்து போனுக்கு வரும் மெசேஜைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். ஒரே ஒரு நாள் தன்னிடம் தங்கிப்போகும் பணம்தான், ஆனாலும் அதைப் படம் பிடித்து மச்சான் பாலகுருவுக்கு அனுப்பினான். பானுமதியின் அண்ணன் பாலகுருவோ, அதை டீக்கடையில் நாலு பேரிடம் காட்டாவிட்டால் சாப்பாடு இறங்காத மனிதர். ஊரே பார்த்தது. கவரை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பானுமதி வந்து சேர்ந்தாள். முசஃபாவை ஒட்டிய ஷாபியாவில் ஒரு ஃப்ளாட்டின் ஹாலை பிளைவுட் வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் இவர்கள். அந்தப் பக்கம் கீழக்கரைக்காரரான கிரேன் ஆபரேட்டர் ஹசன் அலியும் அவர் மனைவி நஜீஹாவும். இங்கே தும்மினால் அங்கே ஆசீர்வாதம் கிடைக்கும். அந்த அரை ஹாலில் அவர்கள் ராஜாவும் ராணியுமாக வாழ்ந்தார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ராணிக்கு மூச்சு வாங்கியது. முதலில் மாடிப்படி ஏறும்போது வாங்கியது. பிறகு அரிசி களையும்போதே வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு பழுது, தாமதிக்காமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று ரெங்கராஜ் தைரியமாகச் சொன்னான்.

இருந்ததுதான். குறைந்த சம்பளக்காரர் குடும்பங்களுக்கான மலிவு பிளான். அவள் வந்தபோது அதற்கான சம்பள வரம்பு உயரத்தில் இருந்தது. அவனுடைய காகிதச் சம்பளம்கூட அதற்குள் அடங்கியது. இந்த வருடம் இன்ஷூரன்ஸ்காரர்கள் வரம்பைக் கீழே இறக்கிவிட்டார்கள். "உண்மையான ஏழைகளுக்குப் போய்ச் சேர" என்று காரணமும் சொன்னார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து உண்மையான ஏழையைத் தேடுகிறவர்களுக்கு, முதலில் கையில் சிக்குகிறவன் பொய்யான பணக்காரன்தான்.

ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருந்த ஹிஃப்ஸா திருநெல்வேலிப் பெண். கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, உங்களுக்குச் சம்பளம் ரொம்பக் கூடல்லா இருக்கு. இந்த பிளான் வர்ற மாசத்தோட நின்னுரும்."

"கூடவெல்லாம் இல்லம்மா. அது வந்து... சும்மா காட்டுறது."

"சும்மா காட்டுனீங்களா? சிஸ்டத்துக்குச் சும்மான்னா என்னன்னு தெரியாதுண்ணே." சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நிஜச் சம்பளம் இதுதான்னு கம்பெனி லெட்டர் கொண்டுவாங்க. இல்லன்னா மேல்சம்பளக்காரங்க பிளானுக்கு மாறிருங்க. அதே இன்ஷூரன்ஸ் கம்பெனிங்கறதுனால பழைய நோய்னு தள்ள மாட்டாங்க, ஆபரேஷனுக்கு அப்ரூவல் வந்துரும். ஆனா தவணை ஜாஸ்தி. பாத்துட்டு மயங்கிராதீங்க."

பார்த்தான். மயங்கவில்லை, உட்கார்ந்துவிட்டான். அவன் நிஜச் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்டினால், வாடகையும் சாப்பாடும் இல்லாமல் இருவரும் காற்றைக் குடித்துத்தான் வாழ வேண்டும். அவளுக்கு அந்தக் காற்றும் சரியாக ஏறவில்லை.

ஊருக்கு அனுப்பி அரசாங்கக் காப்பீட்டில் பார்க்கலாம் என்று பாலகுருவுக்குப் போன் செய்தான்.

"மாப்ள, கார்டுக்கு வருமானச் சான்று வேணுமாம். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல போய் நின்னேன். 'ஏம்ப்பா, உன் மச்சான் சம்பளத்த நீதான டீக்கடையில என்கிட்டக் காட்டுன? அவருக்கு நான் ஏழைன்னு எழுதிக் குடுத்தா என் வேலை இருக்குமா?'ங்குறாரு."

"அவருகிட்டயுமா காட்டுனீங்க?"

"நல்ல விஷயம்தானேன்னு காட்டுனேன் மாப்ள..."

அந்தக் கரையில் பணக்காரன், இந்தக் கரையிலும் பணக்காரன். நடுக்கடலில் அவன் பெண்டாட்டி.

மிஞ்சியது கௌரிசங்கர். ரெங்கராஜின் சம்பளம் நிஜத்தில் என்ன என்று சொல்லக்கூடிய ஒரே வாய் அவருடையது. சென்னைக்காரர், படித்தவர், தமிழ்ச் சங்கத்தின் துணைத் தலைவர். அவருடைய அறையில் மூன்று கேடயங்கள் இருந்தன. மூன்றுமே மனிதநேயத்துக்காகக் கொடுத்தவை.

"சார், ஒரே ஒரு லெட்டர். என் சம்பளம் இதுதான்னு."

"லுக் ரெங்கராஜ். அப்படி எழுதினா, இதுவரைக்கும் நாம காட்டினது பொய்னு ஆகும். கம்பெனிக்கு ஃபைன், எனக்குப் பிரச்சினை. உனக்கும் விசா கேன்சல். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அவ செத்துருவா சார்."

"சேச்சே, எமோஷனல் ஆகாதே. அடுத்த வாரம் சங்கத்துல ஹெல்த் கேம்ப் வெச்சிருக்கோம். கூட்டிண்டு வா, மேடையிலேயே ஏதாவது பண்றேன்."

ஒரு பள்ளிக்கூட அரங்கில் கேம்ப் நடந்தது. தொழிலாளர்களைப் பஸ்ஸில் அள்ளி வந்து உட்காரவைத்திருந்தார்கள். எடை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்கள். வெயிலில் இரும்பு சுமக்கிறவர்களிடம், தினமும் சற்று நடந்தால் உடம்புக்கு நல்லது என்று அச்சடித்த தாளையும் நீட்டினார்கள். கௌரிசங்கரின் மனைவி சம்யுக்தா பட்டுப்புடவை சரசரக்க வந்து பானுமதியின் தோளைத் தொட்டார்.

"உங்களுக்கு ஸ்ட்ரெஸ்தாம்மா எல்லாத்துக்கும் காரணம். காலையில மெடிடேஷன் பண்ணுங்க. யூடியூப்ல ஃப்ரீயா இருக்கு."

"வால்வுங்க" என்றாள் பானுமதி.

"அதான் சொல்றேன், மனசைத் திறந்து வைங்க."

பிறகு மேடை. கௌரிசங்கர் இதயத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். இதயம் என்ற சொல்லை அவ்வளவு முறை சொன்ன ஒருவருக்கு அது இருக்குமோ என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பேசினார். ஓர் ஏழைச் சகோதரிக்குச் சங்கம் கைகொடுக்கிறது என்று அறிவித்து, பொன்னாடை போர்த்தி, செலபேன் தாள் சுற்றிய பழக்கூடையைக் கொடுத்தார். அவ்வளவுதான் கை. போட்டோக்காரர் இன்னொரு முறை கொடுக்கச் சொன்னார். இன்னொரு முறையும் கொடுத்தார். மைக்கை பானுமதியிடம் நீட்டினார்கள்.

"கூடை கனமா இருக்குங்க. யாராச்சும் வாங்கிக்கங்க" என்றாள் அவள், மூச்சு வாங்க.

முன்வரிசை சிரித்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. ஹசன் அலி மேடையேறி வந்து கூடையை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் ரெங்கராஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அவனை அழவிட்டுவிட்டுப் பானுமதி யோசித்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, பேங்குல எவ்வளவு விழும்?"

"அதான் தெரியுமே."

"அந்தப் பெரிய பிளானுக்குத் தவணை?"

சொன்னான்.

"கவரு குடுக்காம இருந்தா கட்டலாமுல்ல?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "அது அவங்க பணம்டி."

"யாரு சொன்னா? பேங்கு சொல்லுதா? இன்ஷூரன்ஸு சொல்லுதா? நம்ம வி.ஏ.ஓ. சொல்றாரா? உலகத்துல எல்லாரும் நீங்க பணக்காரருன்னுதான சொல்றாங்க? நீங்க ஒருத்தருதான் இல்லைன்னு அழுவுறீங்க. ஊரோட ஒத்துப் போங்களேன்."

"வேலைய விட்டுத் தூக்கிருவாங்க பானு."

"தூக்கட்டும். அதுக்குள்ள நெஞ்சத் தச்சுக்கிட்டு வந்துருவேன்."

சம்பளம் விழுந்தது. ரெங்கராஜ் பணத்தை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போகவில்லை. ஹிஃப்ஸாவிடம் போனான். அவள் தவணையை வாங்கிக்கொண்டு, "அண்ணே, லாட்டரி கீட்டரி விழுந்துச்சா?" என்றாள். அவன் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த கௌரிசங்கர், மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கே வந்துவிட்டார். ஒன்பது வருடத்தில் ஒரு தொழிலாளியின் வீட்டு வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. மனைவி சாகக் கிடக்கிறாள் என்று சொன்னபோது வழி தெரியாத கால்களுக்குக் கவர் வரவில்லை என்றதும் விலாசம் தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னார்கள். கட்டிலைத் தவிர வேறு இடமில்லாததால் நின்றார்.

"ரெங்கராஜ், கவர்?"

"இல்ல சார். இன்ஷூரன்ஸ் கட்டிட்டேன்."

"அது கம்பெனி பணம்!"

"அப்டின்னு எழுதிக் குடுங்க சார்" என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த பானுமதி. "அதத்தான நாங்களும் கேட்டுக்கிட்டு இருக்கோம். இன்னைக்கே எழுதிக் குடுங்க, ஓடிப்போய் மலிவு பிளானுக்கே மாறிக்கிறோம்."

மேடையில் இதயத்தைப் பற்றி அவ்வளவு பேசிய கௌரிசங்கரின் வாய் சீறியது.

"நாளைக்கே டெர்மினேட் பண்றேன். தெரு நாய் மாதிரி ஊருக்குப் போய்ச் சேருவே."

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஹசன் அலியின் குரல் வந்தது. "சார், தாராளமா பண்ணுங்க. ஆனா கணக்கு முடிச்சு விடணும்ல? ஒன்பது வருஷப் பணிக்கொடை. எந்தச் சம்பளத்துல போடுவீங்க? ஒப்பந்தத்துல இருக்குற சம்பளத்துலதானே?"

"அது யாருய்யா?"

"பக்கத்து வீடு சார். நானும் உங்களுக்குக் கவர் குடுக்குறவன்தான். குரலு தெரியலையா?"

நஜீஹா சிரிப்பை அடக்குவது தெளிவாகக் கேட்டது. கௌரிசங்கரின் முகம் வெல்டிங் பட்ட இரும்பு போலச் சிவந்து, பின் கறுத்தது. புகார் கொடுக்க முடியாது, கொடுத்தால் எதற்காகக் கவர் வாங்கினோம் என்று சொல்ல வேண்டும். வேலையிலிருந்து நீக்கினால் அள்ளிக் கொடுக்க வேண்டும். தாம் தட்டிய எண்ணுக்குள் தாமே மாட்டிக்கொண்டார். பிறர் வீட்டு அடுப்பில் கை சுட்டுக்கொண்ட திருடனைப்போல, சத்தம் போடாமல் இறங்கிப் போனார்.

ஆனால் இப்படிப்பட்டவர்கள் சும்மா விடுவார்களா? மறுநாளே ரெங்கராஜைப் பட்டறையிலிருந்து எடுத்து, போக வர நாலு மணி நேரமாகும் பாலைவன சைட்டில் போட்டார்கள். ஓவர்டைம் நின்றது. சம்பளத்தைப் பழையபடி குறைத்துக்கொள்ள நானே சம்மதிக்கிறேன் என்று ஒரு பேப்பர் வந்தது. அதில் அவன் கையெழுத்திட்டால் பெரிய பிளானும் போகும், ஆபரேஷனும் போகும். கையெழுத்து இல்லாமல் அவர்களால் குறைக்கவும் முடியாது. ஃபோர்மேன் மூலம் கொடுத்தனுப்பினார்கள். அன்பாகச் சொன்னார்கள். விசா என்று மிரட்டினார்கள். இத்தனை நாளும் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டவன் வெயிலில் தலையைக் குனிந்துகொண்டு, "பேனா புடிக்க வரல, கையில கொப்புளம்" என்றான்.

அப்ரூவல் வந்தது. ஆபரேஷன் நடந்தது. அந்த நாள் பூராவும் அவனை சைட்டை விட்டு விடவில்லை. நஜீஹாதான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தாள். மறுநாள் மாலை, சிமெண்ட் தூசி படிந்த சட்டையோடு அவன் வார்டுக்குள் ஓடிவந்தபோது பானுமதிக்கு நினைவு தெளிந்திருந்தது. மார்பின் நடுவே நீளமாகக் கட்டு. உதடு காய்ந்திருந்தது. அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள்தான் கேட்டாள்.

"பேப்பரு வந்துச்சா?"

"இன்னிக்கும் வந்துச்சு."

"போட்டீங்களா?"

"போடல."

"செக்கப்பெல்லாம் முடியிற வரைக்கும் போடக் கூடாது. தெரியுதா?"

"நாளைக்கு அவரே நேர்ல சைட்டுக்கு வர்றாராம், கையெழுத்து வாங்க."

"வரட்டும். நீங்க வெல்டிங் அடிக்கிறப்பக் கிட்ட வந்து நிக்கச் சொல்லுங்க. கண்ணாடி போடாம."

சிரிக்கப் போனாள். தையல் இழுத்தது. முகத்தைச் சுளித்து அவன் கையை எட்டிப் பிடித்தாள். கொப்புளம் நிஜமாகவே இருந்தது.