இசை வகுப்பில் ஒரு நாடி

முதியோருக்காகப் பல்கலைக்கழகம் நடத்தும் இசை ரசனை வகுப்பில் சேர்ந்தபோதே, இனி எவர் கையையும் பிடித்து நாடி பார்ப்பதில்லை என்று ஓய்வு பெற்ற நர்சம்மா முடிவெடுத்திருந்தார். அன்று வயலின் ஒலித்துக்கொண்டிருக்கையில் பக்கத்து இருக்கையிலிருந்த ஓய்வு பெற்ற தபால்காரரின் தலை சாய்ந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. நர்சம்மாவின் விரல்கள் தாமாகவே அவர் மணிக்கட்டுக்குப் போயின.

தபால்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "உயிரோடதான் இருக்கேன். கேக்க விடுங்க."

நாடி தாறுமாறாக ஓடியது.

"பாட்டு எங்கயும் ஓடிப்போகாது. நீங்க போயிடுவீங்க. அசையாம இருங்க." நர்சம்மா பேராசிரியரிடம் திரும்பினார். "ஆம்புலன்ஸ கூப்பிடுங்க சார்."

வண்டி வரும்வரை பிடித்த கையை விடவில்லை.

தபால்காரர் தேறி வகுப்புக்குத் திரும்பிய அன்று, வயலின் தொடங்குமுன் மணிக்கட்டை நீட்டினார்.

"முதல்ல இதப் பாத்துடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் நிம்மதியா கேக்கலாம்."