வெள்ளிக்கிழமைக் கசிவுநீர்

நான் பார்க்காத தண்ணீரைத் 'தெளிவு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் பொய்யால் ஒருத்தியின் வேலை போனது. இதுதான் என் குற்றம். இனி நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி!

வியட்நாம் போர் முடிந்து, சைகோனுக்குப் பெயரும் மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே துணிக்கடை வைத்திருந்த எங்கள் காரைக்கால் ஆட்கள் பெரும்பாலும் கடைகளை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார்கள். நான் போகவில்லை. நகரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில், மின்சாரத்துக்காக ஆற்றில் கட்டிய மண் அணையில் எனக்கு வேலை கிடைத்தது.

மண் அணை என்றால் அடியில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். காலையில் நான், மாலையில் லான் என்ற வியட்நாமியப் பெண். நாங்கள் அண்ணனை 'நானா' என்போம் என்று ஒருமுறை சொல்லியிருந்தேன். அன்று முதல் கேலியாக என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

வெள்ளிக்கிழமைகளில் விடியுமுன்பே சைகோனுக்குப் பேருந்து ஏறிவிடுவேன். அன்றைய பதிவை வியாழனே எழுதி வைத்துவிடுவேன். ஜும்மாவுக்காக என்றால் நீங்கள் மன்னித்துவிடக்கூடும்... அதுவும் முழு உண்மையில்லை. தொழுகை முடிந்ததும், எஞ்சியிருந்த நாலைந்து பேரோடு பள்ளிவாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தமிழ் பேசத்தான் போனேன். வாரம் முழுக்கத் தமிழ் பேசாத வாய் அல்லவா!

அப்படியொரு வெள்ளி மாலையில் லான் 'கலங்கல்' என்று எழுதினாள். மறுநாள் அதிகாரிகள் பதறி வந்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. முந்தின நாள் காலையிலும் தெளிவு என்றுதானே ஏட்டில் இருக்கிறது? அடிச்சேற்றோடு மொண்டுவிட்டு ஊரைக் கூட்டிவிட்டாள் என்றார்கள்.

"நேத்துக் காலையில நீங்க பார்த்தீங்கல்ல, நானா? சொல்லுங்க," என்றாள் எல்லோர் முன்னும்.

பார்க்கவில்லை... அந்த ஒரு சொல் போதும்! சொன்னால் என் வேலை போகும், அணைக் குடியிருப்பில் தந்த அறையும் போகும்.

"என் கண்ணால பார்த்தேன். தெளிவாத்தான் இருந்துச்சு," என்றேன்.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த வாரமே மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சில மாதம் கழித்துக் கசிவு மீண்டும் கலங்கியது. தோண்டினார்கள். கை நுழையும் அளவுக்கு மண் அரித்திருந்தது. மணலும் சரளையும் போட்டுச் சரிசெய்தார்கள். அணைக்குக் கீழே எத்தனை வீடுகள்! லான் எழுதியதே சரி என்று அப்போதாவது வாய் திறந்தேனா? இல்லை... அவளை யாரும் திரும்ப அழைக்கவுமில்லை.

ஓய்வுபெற்றுச் சைகோனுக்கே வந்துவிட்டேன். சென்ற மாதம் ஜும்மா முடிந்து வரும் வழியில், நடைபாதையில் ஐஸ் டீ விற்கும் ஒரு கிழவியிடம் ஒரு குவளை கேட்டேன். ஊற்றியவள் குவளையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு நீட்டினாள். அப்போதுதான் அது லான் என்று தெரிந்தது.

அவளுக்கு என்னைத் தெரிந்ததா?

"தெளிவாத்தான் இருக்கு. நீங்களே பார்த்துக்குங்க," என்றாள். நானா என்று சொல்லவில்லை.

நான் பார்க்கவில்லை. குனிந்தபடியே குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் வெள்ளிதோறும் வேறு தெருவழியாகப் போகிறேன்.