அன்யாயம் தள்ளி

திருவனந்தபுரத்தில் நியாயம் கேட்டுக் கோர்ட்டில் கொடுக்கும் வழக்கு மனுவுக்குப் பெயர் 'அன்யாயம்'. எழுத்துப் பிழை இல்லை, கிண்டலும் இல்லை. மலையாளத்தில் அதுதான் முறையான சொல். வஞ்சியூர்க் கோர்ட்டு வராந்தாவில் அரை மணி நேரம் நின்றால் பத்து தடவையாவது காதில் விழும். என் வழக்கைப் போட்ட அன்று வக்கீல் குமஸ்தா என்னிடம், "அண்ணாச்சீ, அன்யாயத்தில் ஒப்பிடணம்" என்றார். அநியாயத்துக்கு நான் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணம் விழித்தேன். அவர் கேட்டது கையெழுத்து. அடுத்த முறை ஊருக்குப் போனபோது இதைச் சொன்னேன், மைத்துனன் வயிறு குலுங்கச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

துபாய்க்கும் கனடாவுக்கும் போனவர்களைத்தான் நம் ஊரில் புலம்பெயர்ந்தவர்கள் என்பார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலேறி அரை நாளில் வந்து சேர்ந்த என்னை, 'வெளியூர்ல இருக்கான்' என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருடங்களாகத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். என் மலையாளத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ஆட்டோக்காரரோடு சண்டை போடுவேன், மீன்காரியிடம் பேரம் பேசுவேன், லாட்ஜில் தங்கும் கோட்டயத்துக்காரர்கள் நான் இந்த ஊர்க்காரன் என்றே நினைத்துப் பேசுவார்கள். வாசிக்க மட்டும் வராது. அதற்கு இதுவரை அவசியம் வரவில்லை. பேசத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கரமனையில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். முன்னால் இன்னொருவருடைய மனை, அதன் ஓரமாக எங்கள் வாசலுக்கு வரும் வழி. வீட்டை விற்றவர் காலத்திலிருந்து அந்த வழியில்தான் எல்லோரும் நடந்திருக்கிறார்கள், ஆனால் பத்திரத்தில் அது இல்லை. என் மனைவி செல்விக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் அவள் மருந்துக்கடை வேலைக்குப் போய் வருகிறாள். அந்த வழியின் அகலத்தைப் பார்த்துத்தான் வீட்டையே வாங்கினோம். பிறகு முன் மனையைச் சசிதரன் என்பவர் வாங்கினார். கெட்ட மனிதர் இல்லை. தன் நிலத்தில் தான் மதில் கட்டுகிறேன் என்றார். கட்டினால் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், ஸ்கூட்டர் போகாது. வீட்டின் பின்பக்கம் ஆற்றங்கரைத் தெருவுக்கு இறங்கும் வழி ஒன்று உண்டு, முப்பத்தெட்டு படிகள். செல்வி அதில் ஒரு தடவைகூட இறங்கியது கிடையாது.

இப்படித்தான் எனக்கு வக்கீல் தேவைப்பட்டது. இத்தனை வக்கீல்கள் உள்ள நகரத்தில் நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. தமிழ் பேசுகிறவரா என்று மட்டும் பார்த்தேன். கோட்டைப் பக்கம் ஒருவர் அகப்பட்டார், பூர்வீகம் கல்லிடைக்குறிச்சி. போன உடனே காபி வரவழைத்து, தாமிரபரணித் தண்ணீரைப் பற்றிப் பேசினார். செல்வியையும் சாட்சி சொல்ல வைக்கலாமா என்று கேட்டேன். "பொம்பளையாளுவளை எதுக்குவே கூண்டுல ஏத்தணும்? நான் பாத்துக்கிடுதேன், நீரு சோலியப் பாரும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. காது குளிரத் தமிழ் கேட்டதில், இவர் வழித் தகராறு வழக்கு எதையாவது நடத்தியிருக்கிறாரா என்று கேட்கவே தோன்றவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வழக்கு முடியும்வரை மதில் கட்டக் கூடாது என்று கோர்ட்டும் தடை போட்டது. நான் வக்கீலைக் கடவுளாகவே நினைத்துவிட்டேன்.

அவர் தமிழ் பேசினார், அவருடைய குமஸ்தா மலையாளம் பேசினார். இது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. பங்குனியில் ஒரு மத்தியானம் லாட்ஜில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் சாவிக்காக முண்டிக்கொண்டிருந்தபோது குமஸ்தா போன் செய்தார். "அண்ணாச்சீ, அன்யாயம் தள்ளி, கேட்டோ. இனி முப்பது திவசம் உண்டு." சரி, தள்ளிப் போட்டுவிட்டார்கள், முப்பது நாள் வாய்தா என்று புரிந்துகொண்டேன். "செரி செரி, வராம்" என்று சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். செல்வியிடமும் அப்படியே சொன்னேன். கோர்ட்டு விவகாரம் தள்ளித் தள்ளிப் போவது உலகம் அறிந்ததுதானே? முப்பது நாள் கழிந்தது. தேதியைக் குமஸ்தா கூப்பிட்டுச் சொல்வார் என்று நானும் இருந்துவிட்டேன். வக்கீலுக்கு நானும் போன் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது சசிதரன் மனையில் செங்கல் வந்து இறங்கியது. நான் ஓடிப்போய்க் கேட்டேன். "கேஸ் தள்ளியதல்லே அண்ணாச்சீ?" என்றார் அவர் அமைதியாக. "அதெ, தள்ளியதே ஒள்ளூ. தீர்ந்நில்லல்லோ! அதினு முன்பு எங்ஙனெ மதில் கெட்டும்?" என்று, முடியாத வழக்குக்கு நடுவில் எப்படி மதில் கட்டலாம் என்ற கோபத்தில் நான் கத்தினேன். "தள்ளியால் பின்னெ எந்தா பாக்கி?" என்றார் அவர். "தள்ளியதுகொண்டாணு பாக்கி!" என்றேன் நான், தள்ளியதால்தானே பாக்கி என்று. இப்படி இருவரும் ஒரே சொல்லைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். ஸ்கூட்டரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த செல்விதான், "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. அவரு சொல்லுத தள்ளி வேற, நீங்க சொல்லுத தள்ளி வேற" என்றாள். மருந்துக்கடையில் நாள் முழுவதும் மலையாளச் சீட்டு படிக்கிறவள் அவள். கோர்ட்டு மலையாளத்தில் தள்ளி என்றால் தள்ளுபடி. முப்பது நாள் என்றது மேல் கோர்ட்டுக்குப் போக இருந்த கெடு. அது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. செல்வி என்னைத் திட்டவில்லை. "அந்தப் படியை ஒரு நாள் இறங்கிப் பாக்கணும் போல" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கல்லிடைக்குறிச்சிக்காரரிடம் போனேன். "குமஸ்தா அன்னைக்கே சொல்லிட்டாருல்லா? நீரு வராம இருந்துட்டு இப்ப வந்து நின்னா நான் என்னவே செய்ய?" என்றார். காகிதத்தில் பார்த்தால் அவர் பேரில் தப்பே இல்லை. இங்கிலீஷில் இருந்த தீர்ப்பு நகலை வாங்கி, தெரிந்த ஒருவரைக் கொண்டு படிக்க வைத்தேன். பின்பக்கம் வேறு வழி இருக்கிறது, ஆகவே இந்த வழி அவசியமில்லை என்று இருந்தது. படிகளைப் பற்றி ஒரு வரி இல்லை. செல்வியின் காலைப் பற்றியும் ஒரு வரி இல்லை. யாரும் சொல்லவில்லை, அதனால் கோர்ட்டுக்குத் தெரியவில்லை.

மழை பலத்து மதில் வேலை நின்றிருந்தது, அதற்குள் நான் வக்கீல் தேடியது நாய் படாத பாடு. லாட்ஜில் தங்க வரும் வழக்குக்காரர்கள் இத்தனை வருடமும் என்னிடம்தான், 'நல்ல வக்கீல் யாரெங்கிலும் உண்டோ' என்று கேட்பார்கள். வாயில் வந்த பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது நான் அவர்களிடம் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒரு பெரியப்பா மகனையோ சம்பந்தி வீட்டுப் பையனையோ சொன்னார்கள். ஒரு பெரிய அலுவலகத்துக்குப் போனேன். ஏசி குளிரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு, பெரியவரைப் பார்க்க முடியாது, ஜூனியர்தான் பார்ப்பார் என்றார்கள். ஜூனியர் என் முகத்தைப் பார்க்காமலே வழக்குக் கட்டைப் புரட்டினார். இன்னொருவர் மிகவும் அன்பாகப் பேசினார். தாமதத்துக்கு ஒரு காரணம் சொன்னால் கோர்ட்டு மன்னிக்கும், காரணம் பலமாக இருக்க வேண்டும் என்றார். "மஞ்ஞப்பித்தம் போரே?" என்று கேட்டார். எனக்கு இரண்டு மாதம் மஞ்சள் காமாலை, படுத்த படுக்கை என்று டாக்டர் சர்ட்டிபிகேட்டும் அவரே ஏற்பாடு செய்வாராம். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வராத நோயைச் சொல்வதில் மானம் போகாது, ஒரு சொல்லின் அர்த்தம் தெரியாது என்று சொல்வதில் போகும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டு, மறுநாள் விடுப்பு எடுத்து ஒரு காரியம் செய்தேன். கோர்ட்டு அறையின் கடைசி பெஞ்சில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். யார் எப்படி வாதாடுகிறார்கள் என்று இரண்டு நாள் வேடிக்கை பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். வக்கீல் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள், யாரும் எழுப்பி வெளியே அனுப்ப மாட்டார்கள். குரல் பெரிதாக உள்ளவர்களில் பாதிப் பேர் கட்டைப் படிக்காமல் வந்திருந்தார்கள். ஷீபா என்று ஒரு பெண் வக்கீல். மெல்லிய குரல், ஆனால் நீதிபதி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பக்க எண்ணோடு பதில் சொன்னார். அவருக்குத் தமிழ் சுத்தமாக வராது. வராந்தாவில் பின்னாலேயே ஓடிப் போய் என் கதையைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். நான் வழக்கின் வரலாற்றை ஆரம்பித்தேன். "அண்ணாச்சி மிண்டாதிரிக்கூ. சேச்சி பறயட்டே" என்று என் வாயை அடைத்துவிட்டு, செல்வியைப் பேசச் சொன்னார். வழியை அளந்தார், ஸ்கூட்டரை அளந்தார், பின்பக்கப் படிகளை இறங்கி ஏறி எண்ணினார். மூச்சு வாங்க வந்து, "இது வழியவகாசத்தின்றெ கேஸா. நல்ல கேஸாயிருந்நு" என்றார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. நமக்கு அவகாசம் என்றால் கால நீட்டிப்பு. ஒரு அவகாசம் கேட்டுத்தான் இன்னொரு அவகாசத்தை மீட்க வேண்டியிருந்தது. மஞ்சள் காமாலை யோசனையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "கள்ளம் எழுதியால் ஞான் வரில்ல. அண்ணாச்சிக்கு வாக்கு மனசிலாயில்ல. அது தன்னெ எழுதாம்" என்றார். பொய் எழுதினால் வரமாட்டாராம், எனக்கு அந்தச் சொல் புரியவில்லை என்ற உண்மையையே எழுதலாமாம். இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் சாப்பிட்டுவிட்டு, மலையாளம் போதிய அளவு தெரியாதவன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவதா? நான் தயங்கினேன். "போடுங்க" என்றாள் செல்வி. "நீங்க பேசுத மலையாளத்தை விட எனக்கு இந்த வழிதான் பெருசு." போட்டேன்.

தாமதத்தை மன்னிக்கக் கேட்ட மனுவில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றார். சசிதரனின் வக்கீல் எழுந்தார். மொழிபெயர்ப்பவர் வாயைத் திறப்பதற்குள் சரமாரியாக மலையாளத்தில் கேட்டார். எத்தனை வருடமாக இங்கே? இருபத்திரண்டு. லாட்ஜில் எந்த மொழியில் பேசுவீர்கள்? மலையாளம். இந்தக் கேள்விகளெல்லாம் புரிகிறதா? புரிகிறது. எல்லாவற்றுக்கும் உண்மைதான் சொன்னேன், ஒவ்வொரு உண்மையும் வழக்கைக் கீழே இழுத்தது. ஷீபா நிமிர்ந்தே பார்க்கவில்லை. கடைசியாகச் சசிதரனின் வக்கீல், "அப்போள் நிங்ஙள்க்கு மலயாளம் அறியாமல்லோ?" என்று கேட்டார், அப்படியானால் மலையாளம் தெரியும்தானே என்று. என் வாயிலிருந்து தன்னால் வந்தது: "அறிஞ்ஞூடா சார்."

தெரியாது என்பதற்குத் திருவனந்தபுரத்துக்காரர்கள் மட்டும் சொல்லும் வார்த்தை அது. இழுத்த இழுப்புகூட இந்த ஊர் இழுப்பு. அறை முழுவதும் சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு நீதிபதி சிரிக்காமல், தள்ளி என்றபோது என்ன புரிந்தது என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். சாவி எடுத்துக் கொடுத்தது வரை சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஷீபா போன் செய்தார். "அண்ணாச்சீ, அனுவதிச்சு" என்றார். நான் உடனே மகிழவில்லை. "மேடம், ஒந்நு மலயாளம் விட்டு வேறெ எதெங்கிலும் பாஷயில் பறயூ" என்றேன். தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை எடுத்துக்கொண்டார்கள். அது முடியும்வரை மதிலுக்கும் தடை. வழக்கு இன்னும் நடக்கிறது, எப்படி முடியும் என்று தெரியாது. இந்த முறை செல்வியும் கூண்டில் ஏறித் தன் காலைப் பற்றித் தானே சொல்ல வேண்டுமென்று ஷீபா தனி மனு கொடுத்திருக்கிறார். செல்வி இப்போதே சொல்லிப் பார்க்கிறாள்.

உத்தரவின் நகலைச் சசிதரனிடம் கொடுக்க நானே போனேன். இங்கிலீஷில் இருந்ததை அவர் தன் மனையோரம் அந்த வழியில் நின்றே படித்தார். எனக்காக மலையாளத்தில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். மனுதாரர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், இந்த மொழியில் போதிய பழக்கம் இல்லாதவர் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். காகிதத்தை இறக்கி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது.

"அல்ல அண்ணாச்சீ, நம்மள் இத்ரயும் நாள் ஏது பாஷயிலா வழக்கிட்டது?"

இத்தனை நாளும் எந்த மொழியில் சண்டை போட்டோம் என்று நானும் யோசிக்க ஆரம்பித்தேன். வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த செல்வி பின்னால் ஹாரன் அடித்தாள். நானும் சசிதரனும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினோம்.