தண்ணீர் குடித்த பிளைமவுத்

பேய் இருட்டில்தான் வரும் என்று சொல்பவர்கள் கத்திரி வெயிலில் ஆமத்தூர் பக்கம் வந்ததில்லை. இது பட்டப்பகலில் நடந்தது. 2005-ஆம் வருடம், மே மாதம், பெத்தணனுக்கு நடந்தது. அவன் கதை கட்டுகிற ஆள் இல்லை. குடிப்பதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நேரங்களை மட்டும் அவன் அன்றன்றே கரிக்கட்டியால் ஒர்க்‌ஷாப் சுவரில் எழுதி வைத்தான்.

ஆமத்தூருக்கு ரோடு பிரிகிற விலக்கில் தகரக் கொட்டகை போட்டு டிராக்டர், ஜீப் வேலை பார்க்கிற மெக்கானிக் அவன். பிள்ளை இல்லை. பெண்டாட்டி பஞ்சம்மாள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். 2002-இல், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அங்கே வெடித்தது. மதியம் 12.40. பெத்தணன் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மணி நான்காகிவிட்டது. துணி சுற்றிக் கொடுத்தார்கள். வெடித்த உடனே போய்விட்டாள், அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்றார்கள்.

இந்தப் பக்கத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் அதைத்தான் சொல்வார்கள். அதுவும் பெத்தணனுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டரை வருடமாகத் தூங்கினான். வலி தெரியாமல் போனாள். வேறு பிடிமானம் அவனிடம் இல்லை.

பிளைமவுத் கார் வந்தது மே 9-ஆம் தேதி. 1956 மாடல், ஆறு சிலிண்டர், படகு மாதிரி நீளம். சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கும் நவநீதகிருஷ்ணன், மகள் ஹர்ஷினி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு என்று புரோக்கர் மூலம் வாங்கியிருந்தார். மேலே புது கிரீம் பெயின்ட். நாலு கிலோமீட்டர் ஓட்டினால் கொதித்து நின்றது.

பானெட்டைத் திறந்ததும் பெத்தணனுக்குச் சிரிப்பு வந்தது. ரேடியேட்டர் அம்பாசடருடையது. அந்த இன்ஜினுக்கு அது காணாது. ஃபேன் ஜீப்புடையது. தண்ணீர் பம்ப் ஏதோ பழைய லாரியுடையது. கீழ் ஹோஸ் தோட்டத்து மோட்டாரில் இருந்து வெட்டியது, கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். ரேடியேட்டர் மூடி டிராக்டர் மூடி. யார் யாரோ அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் வரிசையாகப் பரப்பினான்.

"மொதலாளி, நீங்க ஒரு காரு வாங்கல. அஞ்சு வண்டி வாங்கியிருக்கீக."

"அஞ்சுல ஒண்ணாவது ஓடுமாடா?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

கோயம்புத்தூர் பழைய சாமான் கடையில் சொல்லி, அதே மாடல் ரேடியேட்டரும் பம்பும் வரவழைத்தான். வேறொன்றும் கண்டுபிடித்தான். இந்த இன்ஜினுக்குள் ஒரு நீளத் தகரக் குழாய் உண்டு. முன்னால் வரும் தண்ணீரைக் கடைசி சிலிண்டர் வரைக்கும் கொண்டுபோவது அதுதான். அது துருப்பிடித்துச் சல்லடையாகிக் கிடந்தது. தண்ணீர் முன்னாலேயே நின்றுவிடும். பின்னால் இருக்கிற சிலிண்டர் தண்ணீர் இல்லாமல் வேகும். பித்தளைத் தகட்டில் புதுக் குழாய் செய்து சொருகினான்.

மே 16. வேலை முடிந்தது. பதினாலு லிட்டர் ஊற்றி, சரியான மூடியைப் போட்டு மூடினான். ஒரு மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டான். முள் நடுவில் நின்றது. கொதிக்கவில்லை.

மே 17. காலையில் இருந்து வண்டியைத் தொடவில்லை. மதியம் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தான். அப்போது சத்தம் கேட்டது.

மடக்... மடக்... மடக்...

தாகத்தில் இருப்பவர்கள் மூச்சு விடாமல் தண்ணீர் குடிக்கிற சத்தம். இன்ஜின் குளிர்ந்து கிடந்தது. கொட்டகையில் வேறு யாரும் இல்லை. மணி பார்த்தான். 12.40. உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். சத்தம் விட்டு விட்டு வந்து, நின்றபோது மணி 1.35. மூடியைத் திறந்தான். மறுபடி நிறைக்க ஒரு குடம் தண்ணீர் பிடித்தது. கீழே தரை காய்ந்து கிடந்தது.

மெக்கானிக் புத்தி பேயை நம்பாது, ஒழுக்கைத்தான் நம்பும். ஹோஸைத் தடவினான். ஈரமில்லை. ஆயில் குச்சியை உருவினான். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. ஸ்டார்ட் பண்ணினான். புகையில் வெள்ளை இல்லை. ரேடியேட்டரைக் கழற்றித் தொட்டியில் முக்கிப் பார்த்தான். ஒரு குமிழி வரவில்லை.

மே 18. 12.40. மடக்... மடக்... 1.35-க்கு நின்றது.

மே 19. அதே நேரம். அதே ஒரு குடம்.

12.40 எந்த நேரம் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1.35? அதுதான் விளங்கவில்லை. அவள் உடனே போய்விட்டாளே. பிறகு எதற்கு ஐம்பத்தைந்து நிமிடம்?

மே 20. காலையிலேயே தண்ணீர் முழுவதையும் வடித்தான். ரேடியேட்டரைக் கழற்றிச் சுவரில் சாத்தினான். இனிமேல் எங்கிருந்து சத்தம் வரும், பார்க்கலாம் என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

12.40.

சத்தம் இல்லை.

12.43.

வந்தது.

முன்னால் இருந்து இல்லை... பின்சீட்டில் இருந்து.

குடிக்கிற சத்தம் இல்லை இது. காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பிரிகிற சத்தம்.

ச்சக்... ச்சக்...

சீட்டில் யாரும் இல்லை.

ரெக்சின் மட்டும் மெல்ல அமுங்கியது.

அவனால் 1.35 வரை இருக்க முடியவில்லை. ரேடியேட்டரைத் தூக்கிவந்து மாட்டினான். ஸ்பானர் இரண்டு தடவை விழுந்தது. தண்ணீர் ஊற்றினான். முதல் செம்பு விழுந்ததுமே... மடக்.

மே 21, சனிக்கிழமை. வண்டியை எடுத்துப் போக நவநீதகிருஷ்ணன் ஒரு டிரைவரை அனுப்பினார். சீனிச்சாமி. வயது அறுபதுக்கு மேல். முன்பு இந்தக் கார் அய்யாதுரை என்கிற பட்டாசு முதலாளியிடம் இருந்தபோது பத்தொன்பது வருடம் ஓட்டியவர். ஸ்டியரிங்கோடு சேர்ந்த கியரை இழுக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்று தேடிப் பிடித்திருந்தார்கள். 11.50-க்கு வந்தார். வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கறுப்பாவுல்ல இருந்துச்சு. பெயின்ட மாத்திட்டா தெரியாதுன்னு நெனச்சுட்டாக" என்றார்.

அவருக்குப் பெத்தணன் யாரென்று தெரியாது. கேட்காமலேயே சொன்னார். அய்யாதுரையின் ஏழாயிரம்பண்ணைக் கம்பெனி வெடித்த அன்று வேனெல்லாம் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்ததாம். ஆம்புலன்ஸ் வரவில்லை. உயிரோடு கிடந்த மூன்று பேரை இந்தக் காரின் பின்சீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரட்டினாராம். இரண்டு பையன்கள், ஒரு பொம்பளை. அவள் மட்டும் நல்ல நினைவோடு இருந்தாள். ஏறினதில் இருந்து தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தாள். காலடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

"தீப்பட்டவங்களுக்குத் தண்ணி குடுத்தா உசுரு போயிரும்பாக. நம்ம ஊருல சின்னப்புள்ளைக்கும் தெரியும். குடுக்கலப்பா. ஆஸ்பத்திரில டாக்டருதான் சொன்னாரு, குடுத்திருக்கலாமேன்னு."

வழியில் கார் கொதித்தது. பாதிக் குடத்தை ரேடியேட்டரில் ஊற்றினார். அவள் அந்தக் குடத்தையே பார்த்தாளாம். மறுபடி கொதித்து நின்றது. மிச்சம் அரைக் குடம். ஒரு வாய் கொடுத்துவிடலாமா என்று குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருக்கிறார்.

"அவளே சொன்னா தம்பி. எனக்கு வேண்டாம்ணே, வண்டிக்கு ஊத்துங்க, ரெண்டு புள்ளைக கெடக்கு. எங்க வீட்டுக்காரரு மெக்கானிக்கு. மூடிய ஈரத்துணி போட்டுத் தெறங்க, மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிடுங்க, ஆவி அடிச்சிரும்னா. அந்த நெலமையிலயும் எனக்குச் சொல்லித்தாரா."

அதன் பிறகு அவள் தண்ணீர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கு உயிர் இல்லை. பையன்களில் ஒருவன் பிழைத்துக்கொண்டான். இப்போது திருப்பூரில் இருக்கிறான்.

"மணி என்ன இருக்கும்?" என்று கேட்டான் பெத்தணன்.

"சீட்டு எழுதுறப்பக் கேட்டாகளே. ஒண்ணு முப்பத்தஞ்சு."

பெத்தணன் சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருந்த 1.35-ஐப் பார்த்தான். பிறகு, வண்டி இன்றைக்கு வராது, முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்றான். என்னப்பா கோளாறு என்று சீனிச்சாமி கேட்டார். அவன் அடிபம்புக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

12.40-க்கு மூடியைத் திறந்தான். ஏற்கெனவே விளிம்பு வரை நிரம்பியிருந்த ரேடியேட்டர். குடத்தைச் சாய்த்தான்.

"குடி" என்றான்.

மடக்... மடக்... மடக்...

முதல் குடம். இரண்டாவது. மூன்றாவது. சீனிச்சாமி பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது குடத்தில் அவர் செருப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார். 1.35 வரை ஐந்து குடம் உள்ளே போனது. ஒரு சொட்டு வெளியே வழியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குடத்தை நிறைத்து வைத்துக்கொண்டு 12.40-க்குக் காத்திருந்தான். மூடியைத் திறந்து ஊற்றினான். விளிம்பில் பட்டு, வழிந்து, தரையெல்லாம் ஓடியது. காதை ரேடியேட்டரில் வைத்தான். பின்சீட்டில் போய் உட்கார்ந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

1.35 ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

வண்டியில் ஒரு சத்தமும் இல்லை.