ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்

நாடகம் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். பாதியில் திரையைப் போட்டு, மீதியை நம்மையே சொல்லச் சொன்னால்?

போன வாரம் வேங்கிக்காலில், ஆபீஸ்காரர்கள் சேர்ந்து போட்ட நாடகத்தில்தான் இந்தக் கூத்து. பெண் பார்க்கும் காட்சி. மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியை முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்திருக்கிறாள். திரை! அப்புறம் என்ன நடந்தது? பார்ப்பவர்கள் மேடையேறி, நாடகத்தில் வரும் யாராவது ஒருவராக மாறி, 'நான்' என்று கதையைத் தொடர வேண்டும். அதுதான் போட்டி.

என் பக்கத்து வீட்டுப் பரிமளா எழுந்தாள். டைப்பிஸ்ட். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அவளைப் பார்த்துவிட்டு 'ஊருக்குப் போனவர்கள்' ஒரு பஸ் நிறைய இருப்பார்கள். கல்யாணப் பெண்ணாகப் பேசி நம்மை அழ வைக்கப்போகிறாள் என்று கைக்குட்டையோடு தயாரானேன்.

அவளோ மாப்பிள்ளையாகப் பேசினாள்!

"எனக்குப் பொண்ணு புடிக்கல. அங்கயே சொல்லியிருக்கலாம்... வாயில பஜ்ஜி. கம்முனு வந்துட்டேன். மாசம் ரெண்டாச்சு. அங்க அவங்கப்பா, போஸ்ட்மேன் பெல் அடிச்சா வாசலுக்கு ஓடி வராராம். நான் நல்லவன்தாங்க... யார் மனசும் நோகக் கூடாதுன்னுதான் சொல்லாம இருக்கேன்."

சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. கடைசி வரிசையில் அவள் அப்பா ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து நிஜமாகவே ஒரு வரன் வந்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். காபி முடிந்ததும் பையனின் அம்மா எழுந்தார். "ஊருக்குப் போய்..." அடக் கடவுளே, அதே வசனம்!

"ஒரு நிமிஷங்க" என்றாள் பரிமளா. "புடிச்சிருக்கா இல்லையான்னு அவரே சொல்லிட்டுப் போகட்டுமே."

"உள்ள போம்மா!" ஏகாம்பரம் பதறினார். நான் வாயே திறக்கவில்லை — மனசுக்குள் மட்டும் 'அப்படிப் போடு!' என்றேன்.

பையன் அம்மாவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தே சொன்னான்.

"மன்னிச்சிருங்க... எனக்கு இஷ்டமில்லீங்க."

பரிமளா கைகூப்பினாள். அவள் முகம் வாடித்தான் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. இந்தத் தடவை எங்கப்பா காத்துக்கிட்டு இருக்க வேணாம் பாருங்க."

வந்து போன அத்தனை பேரில் பரிமளாவுக்கு மரியாதை செய்தவன், வேண்டாம் என்று சொன்ன அந்த ஒருத்தன்தான்.