முனியசாமிக்குப் பிடித்த ஒரே ராஜா

முனியசாமியைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததே இல்லை. கல்ஃபில், கட்டட வேலைக்காரர்கள் தங்கும் அல் கூஸ் கேம்பில் எங்கள் ரூமில் ஆறு பேர். அவர் மட்டும் சோப்பு டப்பாவுக்குக்கூடப் பூட்டுப் போட்டிருந்தார். "யாருண்ணே உங்க சோப்பத் திருடப் போறா?" என்று கேட்டால், "திருட வேணாம்ப்பா, ரெண்டு தேய் தேய்ச்சுட்டு வச்சாப் போதாதா?" என்பார். பரமக்குடிப் பக்கத்துக் கொத்தனார். கரணையைப் பிடித்தால் சுவர் நூல் பிடித்தாற்போல எழும்பும். அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.

2006ஆம் வருஷம் எங்கள் சைட்டில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்கே திரும்பிப் போனபோது ஒரு பெட்டி சாமானை ஸ்டோரில் விட்டுப் போனார். ஸ்டோர்கீப்பர் நான். பெட்டிக்குள் இங்கிலாந்து ராஜாக்களைப் பற்றிப் படம் போட்ட தடிப் புத்தகம் ஒன்று இருந்தது. பிளஸ் டூவில் நான் பாஸான ஒரே பாடம் இங்கிலீஷ். அந்தத் திமிரில், வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாரம் ஒரு ராஜாவாக ரூமில் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

முனியசாமிக்கு ஒரு ராஜாவையும் பிடிக்கவில்லை. வில்லியம் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்து நாட்டைப் பிடித்தான் என்றேன். "அப்ப அவங்களே வெளியூர்க்காரனுக்குத்தான் கும்பிடு போட்டிருக்காங்க. பெறகு நம்மகிட்ட என்ன மிதப்பு?" என்றார். அவன் மகனும் வில்லியம் என்றதும், "பேருக்குமா பஞ்சம்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த மகன் வேட்டைக்குப் போன இடத்தில் அம்பு பட்டுச் செத்தான் என்றேன். "பட்டுச்சா, விட்டாங்களா?" என்று கேட்டார் பாருங்கள், எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. புத்தகத்திலேயே அந்தச் சந்தேகம் இருந்ததை நான் சொல்லவில்லை.

அப்புறம் ரிச்சர்டு வந்தான். "பத்து வருஷம் ராஜா. ஆனா சொந்த ஊர்ல இருந்தது மொத்தமா ஆறே மாசம்" என்றேன். படுத்திருந்த முனியசாமி எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க போனான்?"

"சண்டைக்குக் கெழக்க வந்தான். திரும்பிப் போற வழியில பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க."

"பாஸ்போர்ட்டப் பிடுங்கியிருப்பாங்க. அடடா, இவன் நம்ம ஆளுய்யா!" அவர் கல்ஃபுக்கு வந்து பதினோரு வருஷம். ஊரில் இருந்தது நான்கு லீவு, மொத்தம் எட்டு மாசம். "அப்ப ஊருல வீடுவாசல யாரு பார்த்தா?"

"அவன் தம்பி ஜான் இருந்தான். அண்ணன் இனிமே வரவே மாட்டான்னு ஊரெல்லாம் கதை கட்டிவிட்டு, கோட்டையெல்லாம் பிடிக்கப் பார்த்தான். மிச்சம் அடுத்த வாரம்."

சுவையான இடத்தில் நிறுத்துவதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில் இடி விழ. முனியசாமி சட்டையை மாட்டிக்கொண்டு கேம்ப் வாசலில் இருந்த டெலிபோனுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஊரில் அவருடைய புது வீட்டுக்கு நான்கு நாள் முன்புதான் மாடித் தளம் போட்டிருந்தது. மேற்பார்வை எல்லாம் தம்பி விஜயபாஸ்கர்.

"டேய், வீட்டுச் சாவி யார்கிட்டடா இருக்கு? நான் இனிமே வரமாட்டேன்னு யார்கிட்டயாச்சும் சொன்னியா? உண்மையச் சொல்லு!"

பாவம் அந்தப் பையன், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக்கொண்டு இருந்தானாம். அன்றைக்கே சாவியைக் கொண்டுபோய் அண்ணி நாகவள்ளியிடம் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

திங்கட்கிழமை நாகவள்ளி போன் பண்ணி, தளத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்று அழுதது. அது இருப்பது அடுத்த தெருவில், அம்மா வீட்டில். புது வீட்டுக்கு மாடிப்படி இன்னும் கட்டவில்லை, ஏணிதான். ஏணியைப் பார்த்தாலே அதற்குத் தலை சுற்றும். சித்திரை வெயிலில் புதுத் தளம் காய்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கொத்தனாருக்குச் சொல்ல வேண்டுமா?

"இங்க ஊரான் வீட்டுத் தளத்துக்கெல்லாம் சாக்கு விரிச்சு நனைக்கிறேன். பதினோரு வருஷ உழைப்பு அங்க வெடிக்கப் போவுது! எல்லாம் உன் ராஜாவால!" என்று என் சட்டையைப் பிடித்தார். "கடைசியில அவன் தம்பிய என்ன பண்ணினான்? இப்பவே படி!"

படித்தேன். ஜான் வந்து காலில் விழுந்தான். 'நீ சின்னப் பிள்ளை, கெட்ட சகவாசம்' என்று சொல்லி ரிச்சர்டு மன்னித்தான். தனக்கு வந்த மீனைச் சமைத்து அவனுக்குச் சாப்பிடவும் கொடுத்தான்.

"அந்தச் சின்னப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"இருபத்தேழு."

முனியசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஜயபாஸ்கருக்கும் ஏறக்குறைய அதே வயசு. நேராகப் போய் போனை எடுத்து, ராஜா மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "போடா, சின்னப் பய, ஏதோ கெட்ட சகவாசம். ஒன்ன மன்னிச்சுட்டேன்!" என்றார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டான்.

எனக்கு வந்ததே கோபம்! "நீங்க வேஷத்த மாத்திக் கட்டிட்டீங்கண்ணே. அங்க தப்புப் பண்ணினது தம்பி. இங்க யாரு?"

ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப நாந்தான் ஜானா?"

"சந்தேகமே வேணாம்."

மறுபடியும் போன் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு இரண்டு பேர் பேசுவதும் கேட்டது, அவ்வளவு சத்தம். "விஜயா, வச்சுராதடா. தப்பு என்னோடதுதான். நான் புத்தி கெட்டுப் பேசிட்டேன். அந்தத் தளம் மட்டும்..."

"தளத்துக்கு நான் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். காலையில வெள்ளன ஏறி ஊத்திட்டு, யாரும் பார்க்கிறதுக்குள்ள எறங்கிப் போயிர்றேன். தளத்து மேல எனக்கென்ன கோவம்? ஒண்ணு தெரிஞ்சுக்கண்ணே. நீ இனிமே வரமாட்டேன்னு ஊரே சொல்லுது. அண்ணிகூடச் சொல்லுது. 'வந்துருவாரு, வந்துருவாரு'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறது நான் ஒருத்தன்தான்."

முனியசாமி ரிசீவரைப் பிடித்தபடியே நின்றார். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

ரூமுக்குத் திரும்பும்போது கேட்டார். "ஏப்பா கார்மேகம், அந்த ராஜா பெறகு ஊர்லயே இருந்துட்டானா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "இல்லண்ணே. ஜெயில்ல இருந்து வந்து ரெண்டு மாசம் இருந்தான். மறுபடி கெளம்பினவன் திரும்பவே இல்ல. வெளியிலயே செத்துட்டான்."

மறுநாள் காலையில் டியூட்டிக்குப் போகாமல் ஸ்டோருக்கு வந்து நின்றார். விசாவைக் கேன்சல் பண்ண வேண்டும், இங்கிலீஷில் எழுதிக் கொடு என்றார். பேப்பரை எடுத்து, என்ன காரணம் என்று கேட்டேன்.

"ஊர்ல என் தம்பி ஒத்தையா நின்னு, அண்ணன் வந்துருவாருன்னு சொல்லிக்கிட்டிருக்கான். அவன் பேச்சு பொய்யாயிரக் கூடாதுன்னு எழுது" என்றார்.