கேமராவுக்குத் தெரியாத நீலம்

பேஸ்டப் வேலையில் வெளிர்நீலப் பென்சில் இல்லாமல் முடியாது. அச்சுக்குப் போகும் விளம்பரத்தை முதலில் வெள்ளை அட்டையில் ஒட்டித் தயார் செய்யவேண்டும். எழுத்து எங்கே வரவேண்டும், படம் எங்கே முடியவேண்டும் என்று கோடு போட்டுக்கொள்ள அந்தப் பென்சில். அட்டையைப் பெரிய கேமராவில் வைத்துப் படமெடுக்கும்போது மற்றதெல்லாம் நெகடிவில் விழும். வெளிர்நீலம் விழாது. அதனால் யாரும் அதை அழிப்பதில்லை.

நான் அந்தப் பென்சிலால் கோடு மட்டும் போடவில்லை.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. பத்தாவது முடித்து டைப்பிங் கற்றுக்கொண்டிருந்த நான் எப்படியோ அங்கே வந்து சேர்ந்து, நாற்பதைத் தாண்டியும் அதே மேஜையில் உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. மீட்டிங்கில் யாராவது என் பக்கம் திரும்பி அபிப்பிராயம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். சொல்ல நினைத்ததை மேஜைக்குத் திரும்பி வந்ததும் அட்டையின் ஓரத்தில் நீலத்தில் எழுதுவேன்.

'வித்வானின் மூக்கைச் சின்னதாக்கச் சொன்னார்கள். ஆக்கிவிட்டேன். இனி அவர் மூச்சு விடுவது அவர் பாடு.' இது ஒரு சபாவின் போஸ்டரில். 'ஆறு தரம் மாற்றி ஒட்டியாயிற்று. முதலில் ஒட்டியதே திரும்பி வந்திருக்கிறது.' இது குக்கர் விளம்பரத்தில்.

இதையெல்லாம் படிக்க ஒரே ஒருவர் இருந்தார். கேமரா ரூமில் இருந்தவர். ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்பார். அட்டையை விளக்குக்கு அடியில் வைக்கும்போது படித்துவிடுவார். கதவுக்குப் பின்னால் அவர் சிரிப்பது என் மேஜைவரை கேட்கும். சில சமயம் அட்டை திரும்பி வரும்போது என் வரிக்குக் கீழே அவருடைய பதிலும் நீலத்திலேயே இருக்கும். பிறகு அட்டை பழுப்புக் காகிதத்தில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போய்விடும்.

ஒருமுறை அம்மாவை ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அன்று ஒரு பட்டுக்கடையின் தீபாவளி விளம்பரம், பெரியது. லீவு கேட்க முதலாளியின் அறைவாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். அட்டையில் எழுதினேன்: 'அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கேட்க வாய் வரவில்லை. சாயங்காலத்துக்குள் முடித்தால் போய்ப் பார்க்கலாம்.' பாதியில் அளவு சரிபார்க்க அட்டையை வாங்கிப்போன கேமரா ரூம்காரர் அதன்கீழே எழுதி அனுப்பினார்: 'நீ போக்கா. மீதிய நான் ஒட்டிக்கிறேன்.' போனேன். அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தாள்.

ஒவ்வொரு ஜனவரியிலும், கச்சேரி சீசன் ஓய்ந்ததும், டிசைனர்களும் விளம்பரக்காரர்களும் அடையாறில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். பகலெல்லாம் பேச்சு, நடுநடுவே டீ, சுவர் முழுக்க அந்த வருடத்து வேலைகள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சின்ன அட்டையில் பெயர்கள் இருக்கும். யோசித்தவர், வாசகம் எழுதியவர், போட்டோ எடுத்தவர். ஒரு வருடம் மாடலுக்கு நகை கொடுத்து உதவிய கடைக்காரரின் மருமகள் பெயர்கூட இருந்தது. ஒட்டியவர் பெயர் போடும் வழக்கமில்லை. முந்தின நாள் நான் போய்ப் படங்களைக் கோணாமல் மாட்டிவிட்டு வருவேன். திறப்பு நாளன்று மார்பில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் எனக்குக் கிடையாது.

அந்த வருடம் எனக்கு என்ன வந்ததோ, கணக்கு விஷயமாக அறைக்குக் கூப்பிட்ட முதலாளியிடம் கேட்டுவிட்டேன். "சார், எக்சிபிஷன்ல என் பேரும் போடுவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்தியே கேட்டதில்லை. "இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்துட்டு இப்பக் கேக்கறேளே. பேஷாப் போட்டுடலாம். என்ன இருக்கு இதுல?"

அந்தச் சந்தோஷத்தில் பொங்கலுக்கு லீவு எடுத்தேன். அந்த நாட்களில்தான் ஏற்பாடு செய்பவர்களில் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. இந்தத் தடவை அச்சான போஸ்டர்கள் வேண்டாம், மூல அட்டைகளையே வைப்போம், ஒரு டிசைன் எப்படிப் பிறக்கிறது என்று ஜனங்கள் பார்க்கட்டும். பரணிலிருந்து எங்கள் கட்டுகளை இறக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தது திறப்பு நாளன்று. என் பெயரைப் பார்க்கும் ஆசையில், புதுப் புடவை கட்டிக்கொண்டு, பேட்ஜ் இல்லாமலே போனேன்.

வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. வித்வானின் மூக்குக்கு முன்னால் கூட்டம். ஒரு கல்லூரிப் பெண் என் வரிகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, இதைப் பாருடி, குக்கர்!" என்று இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடிக்குள் இருப்பதை எந்த ரப்பரால் அழிப்பது? வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

பட்டுக்கடை அட்டையின் முன்னால் முதலாளி நின்றிருந்தார். பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர். நான் தூணோரம் நின்றேன். விருந்தாளி ஆஸ்பத்திரி வரியைக் காட்டி ஏதோ கேட்டார். முதலாளி அந்த வரியை அப்போதுதான் முதல் தடவை படிக்கிறார் என்பது அவர் உதடு அசைந்ததில் தெரிந்தது. பிறகு சொன்னார். "வேணும்னுதான் அழிக்காம விட்டோம். வேலைக்குப் பின்னாடி மனுஷா இருக்கான்னு தெரியணுமோல்லியோ? அதுதான் நம்ம கான்செப்ட்."

விருந்தாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கீழே சின்ன அட்டையில் பெயர்களைப் பார்த்தேன். யோசனை, முதலாளி. வாசகம், போட்டோ, அவரவர் பெயர். கடைசியில் 'மற்றும் ஸ்டுடியோ நண்பர்கள்'.

மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. "அந்த ஆஸ்பத்திரி வரிதான் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார். அம்மா இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பாரோ என்று காத்திருந்தேன். "பேர் விட்டுப்போச்சு, அவசரத்துல. அடுத்த வருஷம் பெரிசாவே போட்டுடறேன். நீங்களும் அதே மாதிரி நாலஞ்சு எழுதி வைங்கோ. ரெண்டு சிரிப்பா இருக்கட்டும். ஒண்ணு உருக்கமா."

இந்தச் செய்தியைக் கேமரா ரூமில் சொன்னேன். அவர் விளக்கை அணைத்தார். "நாம ரெண்டு பேரும் பேசிக்கினு இருந்தது. இப்ப ஊரே பேசுது. நானும் அதுல எழுதிகீறேன். என்கிட்ட ஒருத்தனும் கேக்கல" என்றார். அப்புறம், "நீ இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வருடம் அட்டைகளில் எனக்கு எழுத வரவில்லை. பென்சிலை எடுத்தால் கல்லூரிப் பெண் உரக்கப் படிப்பது காதில் விழும். ஜனவரி நெருங்கியதும் முதலாளி நினைவூட்டினார். ஒன்றுமில்லை என்றேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்ன எழுதலாம் என்று அவரே சொன்னார். நான் எழுதினேன். அவை எந்த அச்சுக்கும் போகாத அட்டைகள், சுவருக்காகவே ஒட்டியவை. கேமரா ரூமுக்குப் போகவே இல்லை. கடைசி அட்டையில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது: 'அம்மாவுக்கு மறுபடி முடியவில்லை. கை ஒட்டுகிறது, மனம் கட்டிலோரம் நிற்கிறது.'

திறப்பு நாளன்று எனக்குப் பேட்ஜ் தந்தார்கள். சின்ன அட்டையில் என் பெயர் முதல் வரியில், மற்ற பெயர்களைவிடக் கொட்டையாக. பலபேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பற்றி விசாரித்தார்கள். அம்மா அப்போது மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினேன்.

மாலையில் கேமரா ரூம்காரரும் வந்தார், தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு. கடைசி அட்டையின் முன்னால் நின்று மெதுவாகப் படித்தார். வேகமாக என்னிடம் வந்தார்.

"இன்னாக்கா, அம்மாவ மறுபடி சேத்துகீறாங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லியே. எந்த ஆஸ்பத்திரி? வா, நான் வண்டி எட்த்தாரேன்."

"இல்லப்பா. அம்மா நல்லா இருக்காங்க" என்றேன். "எழுதச் சொன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சின்ன அட்டையைப் பார்த்தார்.

"பேரு நல்லா பெர்சாப் போட்டுகீறாங்க" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமல் போய்விட்டார்.

இன்னமும் அதே மேஜைதான். கோடு போட மட்டும் நீலப் பென்சிலை எடுக்கிறேன். என் அட்டைகளை அவர்தான் படமெடுக்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை.